ஊசி போச்சு

அவளுக்குப் பெற்றவர்கள் தேடிப்பிடித்து வைத்த பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொன்னதோடு அதன் உபயோகம் தீர்ந்துபோயிற்று. பிறந்த வீட்டில் அவளுக்குக் கீழே நாலு உருப்படி. மத்தியான வேளையில் அம்மா அடுப்படியில் வெந்துகொண்டிருக்க, நாலும் இவள் வயிற்றையும் தொடையையும் பங்கு போட்டுத் தலைவைத்துத் தூங்கும். யாரோ வந்து "அக்கா எங்கடா?" என்று கேட்டதற்குக் கடைக்குட்டி கண்ணைத் திறக்காமலே "மெத்தையா? கீழ கிடக்கு" என்றானாம். அன்றைக்கு ஒட்டியது. கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகள் வேலைக்குப் போகும் வயசு வந்த பிறகும் உரியவில்லை. ஊருக்கே அவள் மெத்தைதான்.

உடம்பு அப்பாவழி. அப்பாவோடு பிறந்த பெரிய அத்தை உட்கார்ந்து எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வரும் என்பார்கள். அத்தை மகன் நடந்து வந்தால் அவன் தொப்பை முதலில் வந்து கதவைத் தட்டும். அம்மாவழி நேர் எதிர், எல்லாம் ஒட்டடைக்குச்சி. அம்மாவின் தம்பி, சின்ன மாமா, காற்றடிக்கிற நாளில் பையில் கல்லைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போவார் என்று கேலி பேசுவார்கள். மெத்தையின் மகள் அந்தக் குச்சி வம்சத்தில் போய்ப் பிறந்துவிட்டாள். தாயும் மகளும் சேர்ந்து தெருவில் நடந்தால், "பத்து நம்பர் வருது" என்று எதிர்வீட்டு மெக்கானிக் சொல்லுவான். ஒன்று மகள், பூஜ்யம் தாய். மெத்தைக்குக் கோபம் வராது. "பூஜ்யம் இல்லாம ஒண்ணுக்கு ஏதுடா மதிப்பு?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

வேலை, வயசானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில். வாசலில் மருந்து வாசம் வரும், பின்கட்டில் சோப்பு வாசம் வரும், நடுவில் பெரிய சாப்பாட்டுக் கூடம். குளிப்பாட்டுவது, விரிப்பு மாற்றுவது, நகம் வெட்டுவது, ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்ற வழக்கைத் தீர்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் அவளுடைய நிஜமான உத்தியோகம் ஆரம்பம்.

வயசானால் பசி, வெளியூருக்குக் குடிபோன பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறது. எப்போதாவது எட்டிப் பார்க்கும், வந்தாலும் தங்காது. மற்ற ஆயாக்கள் கரண்டியும் கையுமாக, "ஒரு வாய், என் கண்ணுல்ல, இன்னும் ஒரே வாய்" என்று மன்றாடுவார்கள். வாயைத் திறக்க மாட்டார்கள் கிழவர்கள். பிடிவாதத்தில் அவர்களை ஜெயிக்கப் பச்சைக் குழந்தையால்தான் முடியும். மெத்தை மன்றாடவே மாட்டாள். தன் தட்டில் தனக்குப் போட்டுக்கொண்டு அவர்களுக்கு நடுவே போய் உட்காருவாள். யாரையும் பார்க்க மாட்டாள். பிசைந்து, உருட்டி, கண்ணை லேசாகச் சொருகிக்கொண்டு சாப்பிடுவாள். அவளுடைய தாடை அசைவதைப் பார்த்தால், தட்டில் இருப்பது உப்புக் குறைத்து மசியவைத்த விடுதிச் சாப்பாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் ஒரு கை அசையும். அந்தப் பக்கம் ஒரு கரண்டி கிணுகிணுக்கும். அப்போதும் அவள் திரும்ப மாட்டாள். திரும்பிப் பார்த்தால் அந்தக் கை நின்றுவிடும்.

அந்தக் கூடத்தில் பெரிய பிடிவாதம் தையல்காரருடையது. ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்தவர். மனைவி போன பிறகு தன் வாயைத் தைத்துக்கொண்டார். மெத்தை எதிரே உட்கார்ந்தால் மட்டும் தையல் பிரியும்.

"இன்னிக்கு என்னம்மா?"

"நேத்து போட்டதோட தங்கச்சி."

"அக்காவே சுமார்தான்."

"தங்கச்சி கொஞ்சம் காரமானவ. பாத்துப் பேசுங்கய்யா."

இப்படி நாலு வார்த்தை பேசிவிட்டு அவர் தட்டை இழுத்துக்கொள்வார். அவருடைய மருமகள் ஒருநாள் பார்க்க வந்தவள், மாமனார் இரண்டாம் தடவை கேட்டு வாங்குவதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல இருந்தவரா இவரு?" என்று மூக்கில் விரலை வைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது காலம். ஊர்க்கண் பட்டால்கூட விட்டுவிடும், முழங்கால் வலி வந்தால் சும்மா விடாது. படி ஏறும்போது மெத்தையின் முட்டிகள் இரண்டும் பழைய கதவு மாதிரிப் பேச ஆரம்பித்தன. மகள் கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா நல்ல மாதிரி. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுகிறவள்.

"சர்க்கரை இல்ல. பிரஷர் கொஞ்சம் எட்டிப் பாக்குது. எடை குறைஞ்சா முட்டிக்கு நல்லது. இப்ப வாரத்துக்கு ஒண்ணுன்னு ஒரு ஊசி இருக்கு. வயித்துல நீங்களே போட்டுக்கலாம். பசி அடங்கும், எடை குறையும். நிறையப் பேருக்கு நல்லா கேக்குது. சிலருக்குக் குமட்டல், வாந்தின்னு தொந்தரவும் வரும். நிறுத்திட்டா எடை திரும்ப ஏற வாய்ப்பிருக்கு. அதனால ரொம்ப நாளைக்குன்னு நெனச்சு முடிவெடுக்கணும். கட்டாயம் ஒண்ணும் இல்ல. வேணும்னாலும் சொல்லுங்க, வேணாம்னாலும் சொல்லுங்க."

இத்தனையும் ஒரே அறையில்தான் சொன்னாள். ஆனால் தாயின் காதில் 'கட்டாயம் இல்ல' என்பது மட்டும் விழுந்தது. மகளின் காதில் 'நல்லா கேக்குது' என்பது மட்டும் விழுந்தது.

மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஊரார் பார்வையைச் சரி பண்ணுகிறவளுக்கு அம்மாவின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லையே என்று குறை சொல்ல முடியாது. அவள் கண்ணில் அப்போது பயம் மறைத்துக்கொண்டிருந்தது. தொப்பை முதலில் வந்து கதவைத் தட்டும் என்றேனே, அந்த அத்தை மகனை மகள் 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள். அவளைத் தோளில் தூக்கிச் சுமந்தவர். போன மழைக்காலத்தில், தன் வீட்டு மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து மெத்தை படி ஏறினால் மகள் கீழே நின்று ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டிருப்பாள்.

மறுவாரமே சீட்டைக் காட்டி ஊசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பார்க்க எழுதுகிற பேனா மாதிரி. அட்டைப்பெட்டியோடு பிரிட்ஜில், முட்டை வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. நான் பக்கத்துல இருக்கும்போது முதல் ஊசி போட்டுக்கலாம். சரியா?"

மெத்தை பாலை எடுக்கக் கதவைத் திறப்பாள். பேனா அங்கே உட்கார்ந்திருக்கும், வந்து இறங்கிய மாமியார் மாதிரி, ஒன்றும் பேசாமல், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. கதவைச் சாத்திவிடுவாள். அந்த வாரம் முழுக்கக் காப்பியில் பால் குறைந்துதான் இருந்தது.

மாடியில் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் குடியிருந்தார்கள். அந்தச் சின்னவள் மெத்தைக்கு ஓரகத்தி என்றாலும் கூடப் பிறந்தவள் மாதிரி. அவளுக்குச் சர்க்கரை உண்டு. அதே ஊசியைப் போட்டுக்கொண்டு நாளாகிறது. மெத்தை துணி காயப்போடுகிற சாக்கில் மேலே போய் விசாரித்தாள்.

"உனக்கு எப்படி இருக்குடி, அந்த ஊசி?"

"அத ஏன் கேக்கறீங்கக்கா! முன்னெல்லாம் என் மண்டைக்குள்ள ஒரு ரேடியோ ஓடிக்கிட்டே இருக்கும். அடுத்து என்ன திங்கலாம், அந்த டப்பாவுல என்ன இருக்கு, பையன் தட்டுல மிச்சம் வச்சிருக்கானான்னு. தூக்கத்துலகூட ஓடும். இப்ப யாரோ வந்து அணைச்சுட்ட மாதிரி இருக்கு. சக்கரையும் இறங்கிடுச்சு. மகராசன் எவன் கண்டுபிடிச்சானோ, அவன் பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும்."

"பசிக்கவே பசிக்காதா?"

"மணியப் பாத்துத்தான் சாப்பிடறேன்க்கா."

சின்னவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மெத்தைக்கு அவள் நிம்மதியைப் பார்த்துச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 'மணியப் பாத்து' என்ற வார்த்தை அவள் வயிற்றில் போய் ஐஸ்கட்டியாக உட்கார்ந்தது.

ஏனென்றால் மணி பார்த்துச் சாப்பிட்ட காலம் ஒன்று மெத்தைக்கும் இருந்தது. மகள் பிறந்த கையோடு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, போகும்போது பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோறு மண்ணாக இருந்தது. பழம் பஞ்சாக இருந்தது. மெத்தை என்ற பெயருக்கே ஆபத்து வருகிற மாதிரி உடம்பு உலர்ந்தது, பால் வற்றியது. 'உடம்பு இளைச்சு அழகா ஆயிட்டே' என்று பார்க்க வந்த சொந்தங்கள் வேறு பாராட்டிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்த காய்கறிக்காரி ஒருத்தி. அவள் ஒரு காலையில் ரொட்டியைத் தேநீரில் முக்கி, மேல்துணியில் சொட்டினாலும் கவலைப்படாமல், சப்புக் கொட்டிச் சப்புக் கொட்டித் தின்றாள். மெத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தச் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று வயிற்றுக்குள், கிணற்றின் அடியில் வாளி இடித்த மாதிரி, ஒரு சின்னச் சத்தம். அவளுக்கு முதலில் அது என்னவென்றே விளங்கவில்லை. விளங்கியதும் திரும்பி, வெட்கத்தைவிட்டுக் கையை நீட்டினாள்.

"எனக்குக் கொஞ்சம் தரீங்களாக்கா?"

காய்கறிக்காரி பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். கேள்வி கேட்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மெத்தை காட்டுகிற வித்தை அவளிடம் கற்றதுதான்.

அதிலிருந்து மெத்தைக்குப் பசி என்பது தொலைந்து கிடைத்த சொந்தக்காரர். விடிந்ததும் வயிறு ஒரு தடவை உறுமினால் போதும். ஆள் வீட்டில்தான் இருக்கிறார் என்று மனசு அடங்கும். அந்த ஆளைத்தான் இப்போது மகள், வாரம் ஒரு ஊசி போட்டு, வாசலோடு அனுப்பப் பார்க்கிறாள்.

இதை யாரிடம் சொல்வது? ஒல்லியானவள் 'எனக்குப் பசி பிடிக்கும்' என்றால் கவிதை என்பார்கள். மெத்தை சொன்னால் தின்னிப்பண்டாரம் என்பார்கள். சொல்லும் முன்பே அவர்கள் சிரிக்கிற சிரிப்பு அவள் காதில் கேட்டது. ஆகவே நிஜக் காரணத்தைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, கடன் வாங்கிய காரணங்களை ஒவ்வொன்றாக மகள் முன்னால் எடுத்து வைத்தாள்.

"எனக்கு ஊசின்னா பயம் கண்ணு."

"நாய் கடிச்சு ஊசி போட்டப்போ நர்ஸோட பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தியே, அது யாரு? உன் தங்கச்சியா?"

"நிறுத்தினா திரும்ப எடை ஏறிடுமாம்."

"குளிச்சாகூடத்தான் திரும்ப அழுக்காவுது. குளிக்காமயா இருக்கே?"

"முகம் தொங்கிப் போயிடுமாம். எங்க சமையக்காரம்மா சொல்றா."

"தொங்கட்டும். நீ என்ன சினிமாவுலயா நடிக்கப் போற?"

"எதுக்கும் உங்கப்பாவ ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

மெத்தையின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். பாதி மாதம் சாலையில்தான் குடித்தனம். போனை எடுத்தவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "அம்மாவும் பொண்ணும் பேசற எடத்துல நான் ஹாரன் அடிக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த காரணத்துக்கு மெத்தை வாயைத் திறக்குமுன் மகளுக்குக் குரல் உடைந்தது. "மாமா படியில உக்காந்தாரே, ஞாபகம் இருக்கில்ல? எனக்கு வேற யாரும்மா இருக்காங்க? நீ இருக்கணும்மா எனக்கு."

வாய்வரை வந்த காரணத்தை விழுங்கிக்கொண்டு, "சரி கண்ணு. வெள்ளிக்கிழமை" என்றாள் மெத்தை.

ஊசி போட்டபின் வயிறு கொஞ்சமாகத்தான் ஏற்கும், இப்போதிருந்தே பழகிக்கொள் என்று மகள் சொல்ல, இல்லத்தில் மெத்தை தன் தட்டில் பாதியே போட்டுக்கொண்டாள். அதையும் ஏனோதானோ என்று கிளறினாள். மனசில் வெள்ளிக்கிழமை உட்கார்ந்திருக்க, வாயில் என்ன இறங்கும்? கூடத்தில் ஒரு கையும் அசையவில்லை. தையல்காரர் அவள் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, துணி பத்தலியா? அளவக் குறைச்சுட்ட?"

"வயிறு சரியில்லய்யா."

"பொய் சொல்றப்ப உன் கை சேலைத் தலைப்ப முறுக்கும். எனக்குத் துணிய முறுக்கினா பிடிக்காது."

தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனார். அடுத்த நாளும் அதே கதை. மேட்ரன் வந்து மெதுவாகத் தோளைத் தொட்டு, "உடம்புக்கு என்னமோ பண்றியாமே. பண்ணிக்க. நீ எப்படி ஆனாலும் இந்த வேலை உனக்குத்தான். அவருக்குச் சத்து மாவு ஏதாவது கரைச்சுக் குடுத்துப் பாப்போம்" என்றாள். நல்ல வார்த்தைதான். ஆனால் வேலை போய்விடுமோ என்றா மெத்தை கலங்கினாள்? அந்த இரண்டு நாளும் காலையில் வயிறு உறுமவில்லை. ஊசி போடுமுன்பே ஆள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாரே என்றுதான் அவளுக்குக் கிலி.

வியாழக்கிழமை வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். கூடத்தில் தட்டு உருள்கிற சத்தம், பழைய மின்விசிறியின் புலம்பல், காது கேளாத இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற கூச்சல். அதற்கு நடுவில் மெத்தையின் போன் அடித்தது. சின்னவள்.

"அக்கா, காலையிலேர்ந்து கரண்டே இல்லக்கா! தெருமுனைல ஏதோ வெடிச்சிருச்சாம்."

"என்னது? சத்தமாச் சொல்லு!"

"கரண்டு இல்ல! உங்க பிரிட்ஜுல வச்சிருந்தீங்கல்ல... அது ஊசிப்போச்சுக்கா! நான் தூக்கிக் குப்பைல கொட்டிட்டேன்!"

அந்தச் சத்தத்தில் நடுவே இருந்த ஒரு 'ப்' எங்கே விழுந்ததோ. மெத்தையின் காதுக்கு வந்து சேர்ந்தது, 'ஊசி போச்சு'.

"போச்சா?"

"ஆமாக்கா. சுத்தமாப் போச்சு. பொண்ணு திட்டப் போறா, நீங்கதான் சொல்லணும்."

"நான் சொல்லிக்கறேன்டி. நீ ஒண்ணும் கவலைப்படாத" என்று போனை மடியில் போட்டுக்கொண்டு மெத்தை அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பெஞ்சு ஒரு முனகல் முனகியது. இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை யாரோ அறுத்துவிட்ட மாதிரி, உள்ளே போன மூச்சு பாதம்வரை போய்த் திரும்பி வந்தது. மகள் சம்பளத்தில் வாங்கியது பாழாகிவிட்டதே என்று துக்கப்பட்டுப் பார்த்தாள். துக்கம் கிட்டவே வரவில்லை. அதற்குப் பதிலாக வயிற்றுக்குள் கடமுடவென்று ஓர் உறுமல். பக்கத்தில் இருந்த கிழவி, "வெளில இடி இடிக்குதா?" என்று கேட்டாள்.

மெத்தை எழுந்துபோய் ஒரு முழுத் தட்டுப் போட்டுக்கொண்டு வந்து தையல்காரருக்கு எதிரே உட்கார்ந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. பாதித் தட்டு காலியான பிறகுதான் எதிர்ப்பக்கம் கரண்டிச் சத்தம் கேட்டது. அவள் பார்க்கவில்லை.

"என்னம்மா, வீட்ல ஏதாவது நல்ல காரியமா?"

"ஒரு திருட்டுச் சந்தோஷம்யா."

"திருட்டுத் துணில தச்ச சட்டைதான் உடம்புக்குப் பாந்தமா நிக்கும்" என்றவர், "அந்தத் தங்கச்சிய இன்னொரு கரண்டி போடு" என்றார்.

சாயங்காலம் வீடு திரும்பும் வழியெல்லாம் மெத்தை தன் முகத்தைத் தயார் பண்ணிக்கொண்டே வந்தாள். உதட்டைக் கொஞ்சம் தொங்கவிட்டாள். ஒரு கடைக் கண்ணாடியில் பார்த்தாள். துக்கம் போதவில்லை, பல்வலி மாதிரி இருந்தது. புருவத்தையும் சேர்த்து இறக்கினாள்.

உள்ளே மகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்திருந்தது. மெத்தை போய் அவள் தலையைத் தடவினாள்.

"விடு கண்ணு. போனது போச்சு. நமக்குக் குடுத்து வைக்கல. மனசப் போட்டு உழப்பிக்காத."

"எது போச்சு?"

"அதான், ஊசி. கரண்டு இல்லாம போச்சாமே. சித்தி எடுத்துக் குப்பைல போட்டுட்டாளாம். பாவம், அவளத் திட்டாத. இன்னொண்ணு வாங்கறேன்னும் கிளம்பாத. நமக்கு ராசியில்லன்னு விட்டுருவோம்."

மகளின் முகம் வெளுத்தது. அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் தடதடவென்று சின்னவள் இறங்கி வந்தாள். கையில் மூடி போட்ட ஐஸ் டப்பா. முகமெல்லாம் பெருமை.

"இந்தாங்கக்கா, உங்க ஊசி! கரண்டு போன உடனே என் ஊசியையும் உங்க ஊசியையும் எடுத்து இதுக்குள்ள வச்சுட்டேன். ஐஸ் மேல படாம துணி சுத்தி வச்சிருக்கேன். ஒரு குறையும் இல்ல, பத்திரமா இருக்கு!"

மெத்தையின் உதடு இப்போது நிஜமாகவே தொங்கியது. "அப்ப... போச்சுன்னியே?"

"என்ன போச்சுன்னேன்?"

"ஊசி போச்சுன்னு!"

சின்னவள் யோசித்தாள். யோசித்துவிட்டு டப்பாவைக் கீழே வைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அய்யோ அக்கா! பருப்பு! நேத்து பொண்ணு ஆசையாக் கேட்டுச் செஞ்ச பருப்ப பிரிட்ஜுல வச்சிருந்தீங்கல்ல, அது ஊசிப்போச்சுன்னு சொன்னேன்! நாத்தம் தாங்கல, பாத்திரத்தோட கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்தேன்!"

சின்னவள் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களை ஒரு கண்ணை மூடச் சொல்லி, எழுத்தைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அம்மா. ஊசி பத்திரமா இருக்குன்னு சித்தி சொன்னதும் உன் முகம் ஏன் அப்படி ஆச்சு?"

"எப்படி ஆச்சு?"

"போயிடுச்சுன்னு நெனச்சப்போ ஒரு பேச்சுக்குத்தான் துக்கப்பட்ட. இருக்குன்னு தெரிஞ்சதும் நிஜமாவே துக்கப்பட்டுட்ட."

சேலைத் தலைப்பு முறுக்கிக்கொண்டு கயிறாகியிருந்தது. மெத்தை அதைப் பார்த்தாள், கையை எடுத்தாள். இனிமேல் கடன் வாங்கக் காரணம் இல்லை.

"எனக்குப் பசிக்கணும் கண்ணு" என்றாள். "சிரிக்காத. எனக்குப் பசி வேணும். அவ்வளவுதான் காரணம். ஊசிக்குப் பயமும் இல்ல, முகத்தப் பத்திக் கவலையும் இல்ல."

பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சொன்னாள். மண்ணாக இருந்த சோற்றைச் சொன்னாள். "நீ பால் இல்லாம கத்துவ. நான் திங்கணும்னு எல்லாரும் கெஞ்சுவாங்க. திங்க எனக்கும் ஆசைதான். ஆனா வயிறு செத்துக் கிடந்துச்சு. பசி வந்த அன்னிக்குத்தான் பொழச்சுட்டேன்னு எனக்குத் தெரிஞ்சுது. சித்திக்கு அது தொந்தரவு புடிச்ச ரேடியோ. அணைச்சாங்க, அவளுக்கு நிம்மதி. எனக்கு அது வீட்ல ஒரு ஆளு கண்ணு. ஆளில்லாத வீட்ல ஒருதடவ இருந்துட்டேன். இன்னொருதடவ என்னால முடியாது."

சின்னவள் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தாள். "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானேக்கா?" என்றாள்.

"சொன்னா தீனிக்கு அலையறேன்னு நெனப்பீங்க."

"நானே ஊருக்குப் பெரிய தீனிக்காரி. நானா உங்கள நெனைப்பேன்?"

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் கோபம். தான் உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்க, அம்மா ஊசிப் பயம், முகம் தொங்கும் என்று போக்குக் காட்டினாளே என்று. அதையும் சொன்னாள். சொல்லிவிட்டு, "எனக்கு மட்டும் பயம் போயிடுமா?" என்று கேட்டாள்.

"போவாது. நாளைக்கு லீவுதானே? டாக்டரம்மாகிட்ட ரெண்டு பேருமாப் போவோம். பசிய விட்டுட்டு மத்ததெல்லாம் என்ன செய்யச் சொல்றாங்களோ செய்யறேன். நடக்கச் சொன்னா நடக்கறேன். உப்பக் குறைக்கச் சொன்னா குறைக்கறேன். எங்க இல்லத்துச் சாப்பாட்ட விடவா உப்பில்லாம போயிடப் போகுது?"

மகளின் உதடு கோணியது. சிரிப்பு வருவதற்கு முன்னால் அவளுக்கு அப்படித்தான் கோணும். சின்ன மாமாவுக்கும் அப்படித்தான்.

இரவே போன் போட்டுக் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை காலை ரத்தம் எடுக்க வேண்டும் என்று வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் அறையில் ஈ பறந்தால் கேட்கும். அப்படி ஓர் அமைதி. வரிசையாக ஜனங்கள் தங்கள் தங்கள் நோயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது மெத்தையின் வயிறு உறுமியது. லேசாக இல்லை. லாரி கியர் மாற்றுகிற மாதிரி. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மகள் குனிந்து அம்மாவின் காதில் கேட்டாள். "வந்துட்டாரா உன் ஆளு?"

"வந்துட்டாரு. பொறுமை பத்தாது அவருக்கு."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பெஞ்சும் கூடக் குலுங்கியது.

டாக்டரம்மா முழுக்கக் கேட்டாள். "இதச் சொல்லத்தான் இவ்வளவு தயக்கமா? வேணாம்னா வேணாம். நான்தான் அன்னிக்கே சொன்னேனே. பின்னால மனசு மாறினா வாங்க, அப்பவும் பேசுவோம்" என்றாள். முட்டிக்குச் சில பயிற்சிகள், தினம் நடை, உப்பு விஷயம், பிரஷரை விடாமல் பார்ப்பது, இன்ன தேதியில் திரும்பி வருவது என்று வரிசையாகச் சொன்னாள். மகள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியதை மெத்தை பார்த்தாள். பிரிக்காத ஊசியைச் சின்னவளுக்குக் கொடுக்கலாமா என்றும் மகள் கேட்டாள். அவளும் அதே டாக்டரிடம்தான் வருகிறாள், அதே மருந்து, அதே அளவு. சீட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள் டாக்டரம்மா.

வெளியே வந்தபோது எதிர்ச்சாரியில் ரொட்டிக் கடையில் அப்போதுதான் அடுப்பைத் திறந்தார்கள். வாசம் தெருவைக் கடந்து வந்து மெத்தையின் கையைப் பிடித்தது. இரண்டு தேநீர், இரண்டு தட்டில் சுட்ட ரொட்டி. மகள் எப்போதும் போலப் போனை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ரொட்டியின் ஓரத்தைக் கோழி மாதிரிக் கொத்திக்கொண்டிருந்தாள். மெத்தை தன் ரொட்டியைத் தேநீரில் முக்கினாள். சொட்டியது. சொட்டட்டும் என்று விட்டாள். கண்ணைச் சொருகிக்கொண்டு, காய்கறிக்காரியைப் போலச் சப்புக் கொட்டித் தின்றாள்.

கொஞ்ச நேரத்தில் போன் மேஜைமேல் குப்புறப் படுத்தது. மகளின் தட்டில் ரொட்டி தீர்ந்திருந்தது. ஒரு மெலிந்த கை மேஜையில் ஊர்ந்து அம்மாவின் தட்டுக்கு வந்து, மிச்சமிருந்த துண்டில் பாதியைப் பிய்த்தது.

மெத்தை திரும்பிப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே தட்டை மட்டும் அந்தப் பக்கமாக லேசாகத் தள்ளிவைத்தாள்.